பெரியப்பாவின் பாறைத் தோட்டத்தில் முளைத்தது

பெரியம்மா சாப்பிடுவதில்லை என்று அண்ணன் என்னிடம் சொன்னபோது ரயில் வாலாஜாபாத்தைத் தாண்டியிருந்தது. பட்டணத்திலிருந்து புறப்பட்டது முதல் அவர் மழையைப் பற்றியும் செங்கல்பட்டு ஸ்டேஷன் காபியைப் பற்றியுமே பேசிக்கொண்டு வந்தார். விடுமுறைக்கு ஊர் திரும்பிய நான் பாட்டுக்குக் காலேஜ் கதைகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் வெட்டி, "நீ செடி கொடியெல்லாம்தானே படிக்கிற?" என்று கேட்டார்.

அதுதான் படிக்கிறேன் என்றேன். கேட்டிருக்கவே வேண்டாம். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து, யார் வீட்டுக் கொல்லையில் எது பூத்திருந்தாலும் அதன் லத்தீன் பெயரைக் கேட்காமலே சொல்லும் வியாதி எனக்குப் பிடித்திருந்தது.

"எங்க வீட்டுக் கல்லுத் தோட்டத்துல ஒரு செடி இருக்குது. அம்மா பொழுதுக்கும் அதும் முன்னாடியே உக்காந்துக்கினு இருக்காங்க. அது வெறும் செடிதான்னு நீ சொல்லு. போதும்."

அண்ணன் என்றால் என் பெரியம்மாவின் ஒரே மகன். பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பெரியப்பா போன ஆண்டு ஆவணியில் காலமானார். அதற்குப் பிறகு தாயைத் தன்னோடு அழைத்துப்போக அண்ணன் எத்தனையோ முறை வந்துவிட்டார், அவள் அசையவில்லை. முதலில் வீட்டைக் காரணம் சொன்னாள். பிறகு ஆண்டுத் திதி முடியட்டும் என்றாள். திதியும் முடிந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தச் செடியை விட்டுவிட்டு வரமாட்டாளாம். வேலைக்காரி சொல்லி அனுப்பியதைப் பார்த்தால், உடம்பில் எலும்புதான் மிச்சம். பிடுங்கி எறிந்துவிடலாம் என்று அண்ணனுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படிச் செய்தால் அவள் உயிரையே விட்டுவிடுவாளோ என்ற பயமும் கூடவே இருந்தது. உறவுக்காரர் ஒருவர் ஓரிக்கைப் பக்கம் ஒரு மந்திரவாதி இருப்பதாகச் சொன்னாராம். அண்ணனுக்கு அதில் நம்பிக்கை இல்லை. மந்திரவாதிக்குப் பதிலாக என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார் என்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா தறியில் உட்கார்ந்து முன்னுக்கு வந்தவர். பிற்காலத்தில் கச்சாப் பட்டு வாங்க பெங்களூருக்குப் போய்வருவார். அங்கே ஏதோ ஒரு பெரிய தோட்டத்தில் பாறைகளைக் குவித்து, இடுக்குகளில் செடி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். வாலாஜாபாத் பக்கத்துக் குன்றிலிருந்து மாட்டு வண்டியில் பாறைகள் வந்து இறங்கின. செதுக்காத கல்லை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர் எங்கள் காஞ்சிபுரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கல்லைக் கண்டால் நின்று கும்பிட்டுப் பழகியவர்கள் என்ன செய்வார்கள்? முதல் வாரமே வேலைக்காரி அந்தப் பெரிய பாறைக்குக் குங்குமம் வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு செடிக்கும் பிஸ்கட் டின்னை வெட்டி, சிவப்புப் பெயிண்டில் பெயர் எழுதி நட்டுவைப்பது பெரியப்பாவின் வழக்கம். செடி மண்ணில் இறங்கிய அன்றே தகடும் இறங்கிவிடும். பெங்களூர்த் தோட்டக்காரன் வாயில் என்ன வந்ததோ அதுதான் பெயர். 'ராணி விசிறி' என்று ஒன்று. 'பூனை நகம்' என்று ஒன்று. ஒரு தகட்டில் 'பேர் மறந்துபோச்சு' என்றே எழுதியிருந்தார்.

பெரியம்மா எதன் முன்னால் உட்கார்ந்திருந்தாளோ அந்தச் செடிக்கு மட்டும் தகடு இல்லை.

நான் போனபோது உச்சிவேளை. முற்றத்துக்கு அப்பால் கொல்லைப்புறத்தில், பாறைகள் எல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவள் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, எப்போது வந்தாய், அம்மா சௌக்கியமா என்று வழக்கம்போல விசாரித்தாள். கிறுக்குப் பிடித்தவளின் பேச்சாக அது இல்லை. கன்னம் மட்டும் உள்வாங்கிப்போயிருந்தது.

செடி இடுப்பளவு உயரம். பெரிய பாறையின் அடியில், யாரும் எதையும் நடாத ஒரு பிளவிலிருந்து கிளம்பியிருந்தது. நுனியில் கொத்துக் கொத்தாகச் சின்னப் பூக்கள். புதிதாக விரிந்தவை வெளிறிய ஊதா, வாடியவை செம்மஞ்சள். பூவைப் பார்த்ததுமே அவரை, துவரை வகையறா என்று எனக்குப் புரிந்துவிட்டது. உற்சாகமாக வாயைத் திறந்தேன்.

"பூவை வுடு. இலையப் பாரு," என்றாள் பெரியம்மா.

நீண்ட இலை. அதன் காம்பில் இரு பக்கமும் காதுபோல மிகச் சிறிய இலைகள் இரண்டு. காற்று இல்லை. பக்கத்து வீட்டு வேப்பமரம் எழுதிவைத்த படம்போல நின்றது. அந்தச் சின்ன இலைகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன.

காற்றில் ஆடுகிற ஆட்டம் இல்லை அது. ஒரு இலை மெதுவாக மேலே எழும்பும். நிற்கும். பிறகு சின்னச் சின்ன வெட்டாகக் கீழே இறங்கும். இறங்கும்போதே கொஞ்சம் திரும்பும். அதன் ஜோடி எதிர்ப்பக்கத்தில் தன் போக்கில் எழும்பிக்கொண்டிருக்கும். செடி முழுவதும் இப்படி, ஒவ்வொரு ஜோடியும் தனித்தனியாக, ஓசையே இல்லாமல்.

அந்த அசைவை நான் முன்பே பார்த்திருந்தேன்.

பெரியப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது நானும் ஊரில் இருந்தேன். பேச்சு நின்றுவிட்டது. கண் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் போர்வையின் மேல் நகர்ந்துகொண்டே இருந்தன. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மெதுவாக எழும்பும், எதையோ எடுக்கும், வெட்டு வெட்டாக உருட்டும், விடும். மறுபடியும் எழும்பும். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், முடிந்ததும் அதன் நுனியோடு புதுப் பாவைச் சேர்க்க வேண்டும். சாம்பல் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். இளவயதில் அவர் செய்த வேலை. சாகும்போது விரல்கள் அதற்குத் திரும்பிப் போயிருந்தன.

"தெரியுதா?" என்றாள் பெரியம்மா.

நான் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டிய தண்ணீர் இந்தப் பக்கமாகத்தான் ஓடிப் பாறை அடியில் போயிற்று என்றும், கார்த்திகை மழையில் இது அங்கே தலை நீட்டியது என்றும் அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் விடவில்லை. பெங்களூரிலிருந்து மண் மூட்டை வந்திருக்குமே, விதை அதில் கலந்து வந்திருக்கும் என்றேன். வந்திருக்கலாம் என்று அவளும் தலையாட்டினாள். அவள் எதையும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த சில நாட்கள் நான் ஒரு நிலையில் இல்லை. தொட்டாற்சுருங்கியின் இனமாக இருக்குமோ என்று தொட்டுப் பார்த்தேன். சுருங்கவில்லை, தொட்ட விரலை லட்சியமே செய்யாமல் இலை தன் வேலையைப் பார்த்தது. எறும்பு ஏதாவது தூக்குகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எறும்பு இல்லை. பிறகு ஒரு காலை, கொல்லைச் சுவரில் சாய்ந்து நின்றபோது முதுகில் ஒரு அதிர்வு தட்டியது. எனக்குத் தலைக்குள் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது.

சுவருக்குப் பின்னால் நெசவாளர் சந்து. வீட்டுக்கு வீடு குழித்தறி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை டக்கு டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து கேட்பதால் எங்கள் காதில் அது விழுவதே இல்லை. மூச்சு விடுகிற சத்தத்தை யார் கேட்கிறார்கள்? தறிகள் பூமியில் குழி வெட்டி இறக்கியவை. அடிக்கிற அடி மண் வழியாகப் பாறைக்கு வருகிறது, பாறையிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து காம்புக்கு. பெரிய இலை கனம், அசையாது. சின்ன இலை ஆடும். முடிந்தது. ஒரு வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பாறைமேல் வைத்தேன். தண்ணீரில் மெல்லிய வளையங்கள் நடுங்கின.

அண்ணனை இழுத்துவந்து காட்டினேன். அவர் முகம் தெளிந்துபோயிற்று. "பாத்தியாமா? தறி அடிக்குது, செடி ஆடுது. இதுக்குப் போயி..." என்று தாயின் பக்கம் திரும்பினார்.

பெரியம்மா கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தண்ணி வேகமா நடுங்குது. இலை மெதுவால்ல போகுது?" என்றாள். நான் அதற்கும் ஏதோ ஒரு பதில் சொன்னேன். எடை, நீளம், அது இது என்று. அவள் சிரித்தாள். அந்த விடுமுறையில் அவள் சிரித்துப் பார்த்தது அப்போதுதான்.

"சரிப்பா. அமாவாசை வரட்டும்," என்றாள்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறியில் உட்காரமாட்டார்கள். நெசவாளி மகளான அவளுக்கு அது சட்டென்று தோன்றியிருக்கிறது. காலேஜுக்குப் போன எனக்குத் தோன்றவில்லை. தறி நிற்கிறபோது இலையும் நின்றால் நான் சொன்னது சரி. அவள் அண்ணனோடு பட்டணத்துக்குப் புறப்படுவாள். அவளே வாயால் ஒப்புக்கொண்டாள். நிற்காவிட்டால் என்ன என்பதை அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வரப்போகிறது புரட்டாசி அமாவாசை, செத்தவர்கள் எல்லாம் வீடு தேடி வருகிற நாள் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

அமாவாசையன்று காலையிலேயே ஊர் அடங்கிப்போயிருந்தது. பழக்கப்பட்ட சத்தம் ஒன்று இல்லாமல் போனால் காது சும்மா இருப்பதில்லை. எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது. அடுப்பில் விறகு வெடித்தது, எங்கேயோ யாரோ பாத்திரம் வைத்தது எல்லாம் பக்கத்தில் கேட்டது. அண்ணன் குளக்கரைக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார். பெரியப்பாவின் படத்துக்குப் படையல் போட்டார்கள். பெரியம்மா கும்பிட்டுவிட்டு நேரே கொல்லைக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

கிண்ணத்துத் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. ஒரு சுளிப்பு இல்லை.

வெயில் பாறைமேல் ஏறியது. இலைகள் அசைந்துகொண்டிருந்தன.

தறிச் சத்தம் இருந்த நாட்களில் அந்த அசைவு வெறும் அசைவாகத்தான் இருந்தது. இப்போது அந்த அமைதியில் அதைப் பார்க்கிறபோது, ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிற உணர்ச்சி வந்தது. மும்முரமான ஆள். நம்மைத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லாதவன். எழும்பியது, நின்றது, முறுக்கியது, விட்டது. அண்ணன் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. அவர் உள்ளே போய்விட்டார்.

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஜெயித்த களிப்பு இல்லை. பாவம், பிள்ளை பயந்துவிட்டானே என்ற இரக்கம்தான் இருந்தது.

நான் ஒரு சிறு கிளையை ஒடித்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் உண்மையாகவே ஓடினேன். சின்ன காஞ்சிபுரத்தில் என் பழைய பள்ளிக்கூட சயன்ஸ் வாத்தியார் வீட்டில் தாவரப் புத்தகங்கள் உண்டு என்று தெரியும். தறிதான் காரணம் என்று தீர்மானித்துவிட்டதால் அதுவரை போகவில்லை. வாத்தியார் தர்ப்பணத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி என் கோலத்தைப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, புத்தக அலமாரியைத் திறந்துவிட்டார். தடித்த புத்தகம் ஒன்றில் அவரைக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ளினேன். மூன்றிலை உள்ளவை. அதில் ஓரத்து இலை சிறுத்தவை. படம் வந்தது. என் கையில் இருந்த அதே இலை, அதே பூங்கொத்து.

கீழே எழுதியிருந்ததை வாசித்தேன். வங்காளப் பக்கத்து ஈரக் காடுகளில் வளர்வது. பக்கத்து இலைகள் இரண்டும் வெயிலில் இடைவிடாமல் தாமாகவே ஏறி இறங்கும். தொட வேண்டாம், காற்று வேண்டாம். கையில் இருந்த கிளையைப் பார்த்தேன். ஓடிவந்த குலுக்கலில் வாடித் துவண்டிருந்தது, ஆனாலும் ஒரு இலை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பேரைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். தந்திச் செடி என்று அர்த்தம். ரயில் கைகாட்டிபோல் அசைந்து செய்தி சொல்லுகிறதாம். எங்கள் தெருவில் தந்திச் சேவகன் திரும்பினாலே, யார் வீட்டுச் சாவு என்று தெரிவதற்கு முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். இந்தப் பேரைக் கொண்டுபோய் அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லப்போவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்துகொண்டேன்.

திரும்பி வந்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள். அண்ணன் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். இது இந்த ஒரு செடியின் வேலை இல்லை, இந்த இனத்தில் பிறந்த எல்லாச் செடியும் இதையே செய்யும், வங்காளத்தில் காடு காடாக இருக்கிறது, புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. பெரியப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "எப்ப நிக்கும்?" என்றாள்.

நிற்காது என்றேன். உயிர் இருக்கிறவரை நிற்காது.

"முடியவே முடியாதா?"

"முடியாது பெரியம்மா. அது அப்படித்தான்."

அவள் முகம் மாறியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை மாதமும் அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று. அவர் கூப்பிடுகிறார் என்று அவள் நினைக்கவில்லை. அவர் பிணைத்து முடிக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு என்னால பாக்க முடியலடா," என்றாள். செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த வெரலு... ராவும் பகலும். போதும்யா, படுங்கன்னு ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சிக்கினேன். உள்ளங்கையில அது துடிச்சிக்கினே இருந்தது. புடிச்சிக்கினு இருக்கும்போதேதான் போயிட்டாரு. இன்னும் ஒரு இழைதான் பாக்கியோ, என்னாவோ. நான் முடிக்க விடல."

கதவோரத்தில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் எழுந்தாள். நாங்கள் தடுப்பதற்குள் பாறையின் அடியில் குந்தி, செடியின் அடித்தண்டைச் சுற்றி மண்ணைக் கையால் பறிக்க ஆரம்பித்தாள். அண்ணன் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையை அசைத்தாள். சாப்பிடாத உடம்புக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வேர் ஒரு முனகலோடு பிளவை விட்டு வெளியே வந்தது. மண்ணோடு அதைத் தூக்கி மடியில் கிடத்திக்கொண்டு, மறுபடியும் அதே பலகையில் உட்கார்ந்தாள்.

"உசுரு இருக்கிற மட்டும் நிக்காதுன்ற. சரி. உசுரு போவட்டும். ஆனா தானா நிக்கட்டும். யாரும் தொடாதீங்க."

பிடுங்கிய பிறகும் இலைகள் அசைந்தன. மடியில் ஒருக்களித்துக் கிடந்தபடியே ஏறி இறங்கின. வேரில் நீர் இல்லை, வெயில் கடுமை, காம்பின் அடியில் உள்ள ஈரம் வற்ற வற்ற அசைவு குறையும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மனசுக்குள் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் அங்கே நின்ற மூன்று பேரும் சாகப்போகிறவரின் படுக்கையைச் சுற்றி நிற்கிறவர்கள்போலத்தான் நின்றோம். பெரிய இலைகள் முதலில் தொங்கின. பிறகு ஒவ்வொரு ஜோடியாக அடங்கியது. நின்றுவிட்டது என்று நினைத்த ஒன்று திடீரென்று ஒரு வெட்டு வெட்டும். அவள் கைகள் இரண்டையும் முழங்காலின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். விரல் நரம்புகள் புடைத்திருந்தன. ஒருமுறை வலது கை கொஞ்சம் எழும்பியது. அவளே அதைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

நுனிக் கொத்துக்குக் கீழே ஒரு ஜோடி மட்டும் வெகுநேரம் வேலை செய்தது. சுவரின் நிழல் அவள் பாதத்துக்கு வந்த சமயம் அதில் ஒன்று எழும்பியது. பாதியில் நின்றது. இறங்கவில்லை. நாங்கள் காத்திருந்தோம். மறு இலை மெல்லத் திரும்பி வந்து அதன்மேல் சாய்ந்தது. அதற்குப் பிறகு எதுவும் அசையவில்லை.

"இந்தத் தடவ நான் புடிக்கல," என்றாள் பெரியம்மா.

செடியைத் தூக்கிப் பாறைமேல் வைத்துவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பசிக்கிறது என்றாள். படையல் போட்ட சோறு இருந்தது. அண்ணன் தாமே இலை போட்டுப் பரிமாறினார். பாதி கீழே சிந்தியது. நாளைக்குப் புறப்படலாமா என்று அவர் தயங்கிக் கேட்டதற்கு, "நாளைக்கு இன்னாத்துக்கு? சாயங்கால ரயிலு இல்லையா?" என்றாள்.

அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். குழம்பு ஊற்றிப் பிசைந்தாள், உருட்டினாள், வாயில் வைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவி, முந்தானையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டு அவள் சுவரில் சாய்ந்தாள். கை சும்மா கிடந்தது. நான் அதற்கு மேலும் கொஞ்ச நேரம் பார்த்தேன். நிமிர்ந்தபோது, கரண்டியைக் கையில் பிடித்தபடியே அண்ணனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.